கஞ்சியும் கஞ்சாவும்

மாசி மாதத்தில் எங்கள் பக்கத்துச் சாலைகளில் பாதி நெல்லுக்குத்தான் சொந்தம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். களம் எல்லாருக்கும் கிடையாது. அதனால் தார்ச்சாலையில் பரப்பி, ஓரத்தில் கருங்கல்லை வரிசையாக அடுக்கிவிடுவோம். எங்கள் ஒன்பது மா நிலத்து நெல்லை நானே அப்படித்தான் காயப்போடுவேன். யாரோ காயப்போட்டிருந்த அப்படிப்பட்ட நெல்லில்தான், பாபநாசத்திலிருந்து வீடு திரும்பும்போது இரவு எட்டரை மணிக்கு வண்டி வழுக்கியது. ஹெல்மெட் பெட்ரோல் டேங்க்கின் மேல் இருந்தது.

அன்று சாயங்காலம் குடமுருட்டி ஆற்றுக்குள் உட்கார்ந்து கஞ்சா இழுத்திருந்தேன். ஜனவரி 28-இல் மேட்டூரை மூடிவிட்டால் அப்புறம் ஆற்றில் மணல்தான். எங்களுக்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது. ஐந்து வருடமாக அனேகமாகத் தினமும் நடந்த காரியம். இன்று சாதாரணமாக எழுதிவிட்டேன். அன்று யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஒரு பொய் ஏறக்குறைய மூன்று வாரம் என்னோடு வந்தது, அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

முகவாய் தரையில் அடித்தது. முன்பல் ஒன்று வேரோடு கழன்று நெல்லுக்குள் போய்விட்டது. ஓடிவந்தவர்கள் செல்போன் வெளிச்சத்தில் துழாவினார்கள், கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் வேரைத் தொடாமல் வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுத்து, பாலில் போட்டு, அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் கொண்டுபோய்த் திரும்பப் பொருத்திப் பார்த்திருக்கலாமாம். எனக்கு அது பிற்பாடு தெரிந்தது. உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கட்டும்.

108 வண்டியில் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். விபத்துப் பதிவேட்டில் எழுதும்போது, "குடிச்சிருந்தீங்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்று தலையாட்டினேன், அது உண்மை. "வேற ஏதாவது?" அதற்கும் அதே தலையாட்டல். கதவோரம் ஒரு போலீஸ்காரர் நின்றுகொண்டிருந்தார். அவர் வேறு யாருக்காகவோ வந்தவர். ஆனால் எனக்கு அவர் காக்கிச்சட்டை மட்டும்தான் கண்ணில் பட்டது.

தாடை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. இடது பக்கத் தாடை மூலையில் ஒன்று, வலது காதுக்கு முன்னால் மூட்டில் ஒன்று. ஒரு பக்கம் அடி விழுந்தால் எதிர்ப்பக்க மூட்டில் விரிசல் விடுவது வழக்கம்தான் என்றார் பெரிய டாக்டர். இடது பக்கம் உடைந்த கோட்டிலேயே ஞானப்பல் ஒன்று பாதி புதைந்து கிடந்தது. அதைப் பிடுங்க வேண்டும். வாய்க்குள்ளேயே ஈறைக் கீறி எலும்பில் டைட்டானியம் தகடு வைத்துத் திருக வேண்டும். மூட்டில் கத்தி வைக்காமல், மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்து இரண்டு வாரம் கம்பியால் கட்டிவிடுவார்கள். வீக்கம் வடியட்டும் என்று ஐந்தாம் நாள் ஆபரேஷனுக்கு நாள் குறித்து, முதல்நாள் சாயங்காலம் வந்து சேரச் சொன்னார்கள்.

கிளம்புவதற்கு முன் தென்னந்தோப்பில் போய் இன்னொன்று இழுத்தேன். பயம் போகட்டும் என்று.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் இரவு வார்டுக்கு வந்தார். பீடி, சிகரெட், பாக்கு, தண்ணி என்று வரிசையாகக் கேட்டார். "எப்பவாவது சிகரெட்" என்றேன். பக்கத்தில் அப்பா நின்றார். அவர் இல்லாவிட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

இந்தக் கேள்வி நல்லொழுக்கச் சான்றிதழ் கொடுப்பதற்காகக் கேட்பது இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. தினம் கஞ்சா இழுப்பவர்களை மயக்கத்தில் வைக்க வழக்கத்தைவிட அதிக மருந்து தேவைப்படலாம். இழுத்த சில மணி நேரத்துக்கு இதயத் துடிப்பு ஏறியிருக்கும். மூச்சுக்குழாய் எரிச்சலில் இருப்பதால் குழாய் விடும்போதும் எடுக்கும்போதும் இறுமல் பிடித்துக்கொள்ளும். தாடை ஆபரேஷனில் பல் சரியாகக் கடிக்கிறதா என்று பார்க்க வாயை மூடிப் பார்க்க வேண்டும், அதனால் அந்தக் குழாயை மூக்கு வழியாக விடுகிறார்கள். இறுமினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் மயக்க மருத்துவர்களின் சங்கம் ஒன்று 2023-இல் வெளியிட்ட நெறிமுறையில், மயக்கம் கொடுக்கும் ஒவ்வொருவரிடமும் கஞ்சா பழக்கத்தைக் கேட்டுவிட வேண்டும் என்றும், புகைத்திருந்தால் அவசரமில்லாத ஆபரேஷனைக் குறைந்தது 2 மணி நேரமாவது தள்ளிப்போட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. எனக்குக் கேள்வி வேறு வார்த்தையில் வந்தது. வாய்ப்பை நான்தான் விட்டேன்.

நான் இறுமிக்கொண்டேதான் விழித்தேன். அடுத்த மூன்று நாள் வார்டில் எல்லாரும் தூங்கினார்கள், நான் தூங்கவில்லை. வியர்த்துக் கொட்டியது. நர்ஸ் அக்கா எது சொன்னாலும் எரிச்சல். வலி அதிகம் என்று நினைத்து வலி ஊசியைக் கூட்டினார்கள். வலியும் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் பாதி, கஞ்சா நின்றுபோனதன் விளைவு. தினம் இழுப்பவன் சட்டென்று நிறுத்தினால் ஓரிரு நாளில் தூக்கம் போகும், பசி போகும், வியர்க்கும், கோபம் வரும். முதல் வாரத்தில் உச்சம், இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அதற்கு யாரும் வைத்தியம் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பார்கள்?

வீட்டுக்கு அனுப்பும்போது கம்பி வெட்டும் பிளேயர் ஒன்று எப்போதும் தலைமாட்டில் இருக்க வேண்டும் என்றார்கள். வாந்தி வந்தால் பதறாமல் குனிந்து, பல் இடுக்கு வழியாகவும் மூக்கு வழியாகவும் வெளியே விட வேண்டும். மூச்சு நிற்கிற மாதிரி ஆனால் மட்டும் கம்பியை வெட்ட வேண்டும். எந்தக் கம்பி என்று அம்மாவுக்குக் கண்ணாடி முன்னால் வைத்துக் காட்டினார்கள். அம்மா அந்தப் பிளேயரை வைத்தீஸ்வரன்கோயில் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, காலையில் அதற்கும் சேர்த்துத் தீபம் காட்டினாள்.

அப்புறம் கஞ்சி. இதை எழுதாமல் விட முடியாது. நொய்யும் வறுத்த பாசிப்பருப்பும் போட்டுக் குழைய வேகவைத்து, மிக்சியில் அடித்து, அப்பாவின் பழைய வேட்டித் துணியில் இரண்டு முறை வடிகட்டி, மோர் விட்டு நீர்க்கக் கரைத்து ஒரு நாளைக்கு ஏழு வேளை. ஊசியில்லாத சிரிஞ்சில் ரப்பர்க் குழாய் மாட்டி, கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே கடைசிப் பல் வரை கொண்டுபோய் மெதுவாக விட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டாம் நாளே அம்மா சிரிஞ்சை ஓரம் வைத்துவிட்டு, பரணிலிருந்து பாலாடையை எடுத்தாள். எனக்குக் கைக்குழந்தையில் பால் புகட்டிய அதே பாலாடை. இருபத்தேழு வயசில், மீசையோடு, பாலாடையில் கஞ்சி. சித்தி பார்க்க வந்து சிரித்துவிட்டு அழுதாள். சிரிஞ்சைவிட அது எனக்கு வசதியாகவே இருந்தது. டாக்டரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஸ்ட்ரா மட்டும் கூடாது, உறிஞ்சுகிற எதுவும் கூடாது என்றார்.

உறிஞ்சுகிற எதுவும் கூடாது. காதில் விழுந்தது. இளநீர் ஸ்ட்ராதான் மனசுக்கு வந்தது.

ஆபரேஷன் முடிந்த ஆறாம் நாள் மாப்ள ஒருத்தன் பார்க்க வந்தான். அம்மா கொல்லைப் பக்கம் போனதும், "தூக்கமே இல்லேங்கிறியே, இது சிவமூலிகைடா, சித்தர்களே சொல்லியிருக்கான். வலி அப்படியே ஓடிரும்" என்றான். தாடையில் கம்பி கட்டிக்கொண்டு எந்தச் சித்தர் படுத்திருந்தார் என்று கேட்கிற அளவுக்கு எனக்கு வாய் திறக்காது. நரம்பு சம்பந்தமான நாள்பட்ட வலிக்குக் கஞ்சாவிலிருந்து எடுத்த மருந்துகள் சிலருக்குக் கொஞ்சம் கேட்கின்றன. ஆபரேஷன் முடிந்த பச்சைப் புண் வலிக்கு அது நம்பத்தக்க மருந்து இல்லை. தினம் இழுப்பவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு வலி கூடுதலாகவே தெரிகிறது என்பதுதான் மருத்துவர்கள் கண்டது. இதெல்லாம் இப்போது பேசுகிற பேச்சு. அன்று நான் எழுந்து அவன் பின்னால் மாட்டுக்கொட்டகைக்குப் போனேன்.

பல் மூடியிருந்தால் என்ன, உதடு திறக்கும். சிகரெட்டின் பில்டரைப் பிய்த்துப் போட்டு, பாதிப் புகையிலையைத் தட்டிவிட்டுக் கலந்து அடைத்ததுதான் வழக்கம்போல. உதட்டில் வைத்துப் பல் இடுக்கு வழியாக இழுத்தேன். திறந்த வாயால் இழுப்பதைவிட இரண்டு மடங்கு பலமாக இழுக்க வேண்டியிருந்தது. உள்ளே போய் நின்ற புகை இறுமலாகத் திரும்பியது, ஆனால் வெளியே வர வழியில்லை. நெல் அவிக்கிற அடுப்பில் ஈர விறகு வைத்த மாதிரி மூக்கு, கண், பல் இடுக்கு எல்லாவற்றிலும் புகை. இடது பக்கம் பின்னால் ஏதோ சுருக்கென்று பிரிந்தது. உப்புக் கரிக்கிற ருசி. ரத்தம்.

அவன் என் முதுகில் தட்டினான். இன்னும் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் உள்ளே போனேன். இதையும் மறைக்க வேண்டியதில்லை.

ராத்திரி ஒரு மணிக்குப் பசி. கஞ்சா இழுத்தவர்களுக்கு அந்தப் பசி தெரியும். புரோட்டா வேண்டும், சால்னா வேண்டும். கிடைத்தது டப்பாவில் இருந்த மிக்சர். அதைப் பொடியாக நொறுக்கி, தண்ணீரில் ஊறவைத்து, விரலால் கன்ன ஓரமாகத் தள்ளினேன். பாதி உள்ளே போனது. மீதியைத்தான் சில நாள் கழித்து டாக்டர் சலைன் அடித்து வெளியே எடுத்தார்.

மறுநாள் காலை அம்மா பாலாடையை வாய்க்குக் கொண்டுவந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "கீழ் உதட்டுல என்னடா கொப்புளம்?"

எனக்குத் தெரியவே இல்லை. தாடை மூலையில் உடைந்தாலும் சரி, கீழ்க்கடைவாயில் ஞானப்பல் எடுத்தாலும் சரி, எலும்புக்குள் ஓடுகிற நரம்பு நசுங்கினால் அந்தப் பக்கத்துக் கீழ் உதடும் முகவாயும் மரத்துப்போகும். சிலருக்குச் சில வாரம், சிலருக்குப் பல மாதம். கஞ்சா எரிந்து வந்து உதட்டைச் சுட்டிருக்கிறது. நான் அது தெரியாமல் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அம்மா தானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டாள். "கஞ்சிய சூடா குடுத்துட்டேன் போலருக்கு. புள்ளைக்கு உணர்ச்சியில்லன்னு டாக்டர் சொன்னாங்களே, நான் பாக்காம விட்டுட்டேன்." அன்றிலிருந்து ஒவ்வொரு வேளையும் கஞ்சியை முதலில் தன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். நான் பேசாமல் குடித்தேன். பேச முடியாதவனுக்குப் பொய் சொல்வது எவ்வளவு சுலபம்!

மாப்ள இன்னும் மூன்று தடவை வந்தான்.

பத்தாம் நாள் காய்ச்சல். இடது கன்னம் மறுபடி வீங்கியது. வாயிலிருந்து எனக்கே தாங்காத நாற்றம். தஞ்சாவூருக்கு ஓடினோம். தையல் விட்டிருந்தது, சீழ் கோத்திருந்தது. ஆன்டிபயாடிக்கை மாற்றினார்கள், சீழைச் சோதனைக்கு அனுப்பினார்கள். "கஞ்சிய நல்லா வடிகட்டுறீங்களா? குடிச்சதும் உப்புத் தண்ணி போட்டுக் கொப்பளிக்க வைக்கிறீங்களா?" என்று அம்மாவிடம் கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயமான கேள்விதான். அம்மா வேட்டித் துணியின் கதையை முழுக்கச் சொன்னாள். "மூணு தடவை வடிகட்டணுமா டாக்டர்?" என்று கேட்டாள். வெளியே வந்ததும் சித்தி, "துணிய வெந்நில அலசுனியாக்கா?" என்றாள். அம்மா பதில் சொல்லவில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை.

சாயங்காலம் கட்டு மாற்ற வந்த இளம் டாக்டரிடம் நோட்டை வாங்கி எழுதினேன். பேச முடியாமல் இருந்ததும் நல்லதாகப் போயிற்று, சொல்லியிருந்தால் பாதியில் நிறுத்தியிருப்பேன். "கஞ்சா. நாலு தடவை. ஆபரேஷனுக்கு முந்தின நாளும். விழுந்த அன்னைக்கும்." அவர் படித்துவிட்டு நோட்டை மூடினார். போலீஸ் என்று நான் இன்னொரு வார்த்தை எழுதப்போனதைப் பார்த்து, "எனக்கு வேண்டியது மருந்து கணக்கு. கேஸ் கணக்கு இல்ல" என்றார். "ஏன் முன்னாடியே சொல்லலை"யும் கேட்கவில்லை. எத்தனை வருஷம், ஒரு நாளைக்கு எத்தனை, புகையிலை கலந்தா, கடைசியாக எப்போது. அவ்வளவுதான்.

பிறகு அவர் சொன்னதைத்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கையில் வெட்டுப்பட்டால் கட்டுப் போடலாம். வாய்க்குள் கட்டுக் கிடையாது; பல் பிடுங்கிய குழியில் உறைந்து நிற்கிற ரத்தக்கட்டிதான் கட்டு, அதன் மேல்தான் புதுச் சதை ஏறும். உறிஞ்சுகிற இழுப்பு அந்தக் கட்டியையும் தையலையும் பிய்க்கும். புகையின் சூடு புண்ணை எரிக்கும். சிகரெட் புகையிலையில் உள்ள நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்கும், புகையில் வருகிற கார்பன் மோனாக்சைடு ரத்தம் சுமக்கிற ஆக்சிஜனைக் குறைக்கும், எலும்பு கூடுவதற்கு இரண்டுமே எதிரி. கஞ்சா வாயை உலர்த்துகிறது. எச்சில் குறைந்தால் கிருமிக்குக் கொண்டாட்டம். சிகரெட்டில் பில்டர் இருக்கும், இதில் அதுவும் இல்லை, மேலும் நெஞ்சில் வெகுநேரம் பிடித்து வைக்கிறோம். இலையிலேயே பூஞ்சை இருக்கலாம். நான்கு பேர் எச்சில் வேறு. நான் வேறு வழி கேட்டேன், நோட்டில்: "பால்ல கலந்து குடிச்சா?" அவர் சிரித்துவிட்டார். புண்ணில் புகை படாது, சரி. ஆனால் வயிற்றுக்குள் போனது எப்போது ஏறும், எவ்வளவு ஏறும் என்று தெரியாது, வலி மாத்திரையோடு சேர்ந்தால் கிறக்கம் இரட்டிப்பாகும், வாயைக் கம்பியால் கட்டியவனுக்கு வாந்தி வந்தால் உயிர் விளையாட்டு என்றார்.

உண்மை தெரிந்த பிறகு வைத்தியம் மாறியது. தினமும் சலைன் அடித்துக் கழுவினார்கள். நல்லவேளை, தகடு அசையவில்லை. மனநல மருத்துவப் பிரிவுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே தூக்கத்துக்குச் சில நாள் மாத்திரை, பேச ஒரு ஆள். அது பயந்த அளவுக்கு இல்லை. இப்படிப் போக நினைக்கிறவர்களுக்கு 14446 என்ற இலவச எண் இருக்கிறது. கஞ்சாவை உபயோகிப்பது 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி குற்றம்தான். ஆனால் பழக்கத்துக்கு அடிமையானவர் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்துக்கொண்டால் சிறிய அளவு சம்பந்தமான வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிற 64-ஏ பிரிவும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது.

அம்மாவிடம் சொன்னது கம்பி அவிழ்த்த அன்று. "கஞ்சி சுடலம்மா" என்றுதான் ஆரம்பித்தேன். முழுக்கக் கேட்டாள். இரண்டு நாள் கஞ்சி சித்தி கையால்தான் வந்தது. மூன்றாம் நாள் அவளே கொண்டுவந்தாள், பாலாடையில் இல்லை, டம்ளரில்.

எடை அறுபத்தொன்றிலிருந்து ஐம்பத்து நாலுக்கு இறங்கியிருந்தது. வாய் இரண்டு விரல் திறக்க ஒரு மாதம் பயிற்சி. சீழ் பிடித்த இடம் முழுசாக அடங்காததால் ஆறு மாதம் கழித்துத் தகட்டை எடுத்துவிட்டார்கள். இந்த முறை மயக்க டாக்டரிடம் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னேன். ஐந்து மாதமாக இழுக்கவில்லை என்பதையும், அதற்கு முன் ஐந்து வருடம் இழுத்ததையும். விழித்தபோது இறுமவில்லை.

போன ஐப்பசியில் அந்த மாப்ளைக்கே ஞானப்பல் பிடுங்க நாள் குறித்தார்கள். மழை விடாமல் பெய்த ஒரு ராத்திரி போன் பண்ணினான். "மூணு நாள் கழிச்சு இழுத்தா ஒண்ணும் ஆகாதுல்ல?" எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கட்டி பிய்ந்தால் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் வலி குறைவதற்குப் பதில் கூடும், காது வரை இழுக்கும், குழிக்குள் வெறும் எலும்பு தெரியும், வாய் நாறும். அப்படி ஆனால் வீட்டில் கிராம்பு எண்ணெயை ஊற்றிக்கொண்டு உட்காராமல் திரும்பப் போக வேண்டும், கழுவி மருந்து வைப்பார்கள். மூன்று நாள் என்பது எல்லைக்கோடு இல்லை, புண் மூடுகிற வரை வேண்டாம். "இழுப்பேன்னு டாக்டர்ட்ட சொல்லிட்டியா?" என்றேன். அந்தப் பக்கம் மழைச் சத்தம் மட்டும்.

மறுநாள் அவனோடு போனேன். ஊசி போடுவதற்கு முன் டாக்டர் சீட்டைப் பார்த்துக்கொண்டே வழக்கமான கேள்விகளைக் கேட்டார். சர்க்கரை, பிரஷர், அலர்ஜி, சிகரெட். அவன் என்னைப் பார்த்தான். நான் சுவரில் இருந்த பல் படத்தைப் பார்த்தேன்.

"கஞ்சா இழுப்பேன் சார்" என்றான், யாருக்கோ ரகசியம் சொல்வதுபோல.

டாக்டர் நிமிரக்கூட இல்லை. எழுதிக்கொண்டே கேட்டார். "கடைசியா எப்ப?"